வெப்பமண்டலப் பூச்செடிகள்: வீட்டில் வளர்க்கவும் பிறருக்குப் பகிரவும் ஒரு முழுமையான வழிகாட்டி

என்னிடம் மஞ்சள் நிறத்தில் ஓர் அடுக்குச் செம்பருத்தி இருந்தது. ஆறு ஆண்டுகள் வளர்த்த செடி. ஒரு வாரம் விடாமல் மழை பெய்தபோது தொட்டியின் அடித்துளை அடைத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. வேர் அழுகி, பத்தே நாளில் செடி போய்விட்டது. அதே நிறத்தில், அதே அடுக்கில் இன்னொன்றை எங்கு தேடியும் கிடைக்கவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கவாத்து செய்தபோது விழுந்த குச்சிகளில் இரண்டை வேர்பிடிக்கவைத்து ஒரு தோழிக்குக் கொடுத்திருந்தேன். அவர் வீட்டில் அது ஆளுயரம் வளர்ந்து நின்றது. அங்கிருந்து வந்த கன்றுதான் இன்று என் வீட்டில் பூக்கிறது.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் செடிக்குப் பாதுகாப்பு கிடையாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அதனால் இந்த வழிகாட்டியில் வளர்ப்பதையும் கொடுப்பதையும் தனித்தனி வேலைகளாக நான் பிரிக்கப்போவதில்லை. வெப்பமண்டலப் பூச்செடிகளில் பெரும்பாலானவை புதுத் துளிரில்தான் பூக்கின்றன. புதுத் துளிர் வர வேண்டுமானால் பழைய கிளையை வெட்ட வேண்டும். வெட்டிய கிளை அடுத்த செடியாகிறது. நன்றாகப் பூக்கவைக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதற்கும் எப்போதும் நாலு குச்சி இருக்கும்.

எந்தச் செடியில் தொடங்கலாம்?

முதல் முறையாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றுதான்: செம்பருத்தி, காகிதப்பூ, சங்குப்பூ. மூன்றும் மூன்று விதமான பாடம். செம்பருத்தி நீரையும் உரத்தையும் விரும்பும். காகிதப்பூ கொஞ்சம் பட்டினி போட்டால்தான் பூக்கும். சங்குப்பூ விதையிலிருந்து இரண்டே மாதத்தில் பூத்துக் காட்டி, புதியவருக்கு நம்பிக்கை தரும்.

இவை கைக்கு வந்தபின் இட்லிப்பூ, நந்தியாவட்டை, அலமாண்டா, பிளுமேரியா என்றும் சொல்லும் ஈழத்தலரி, அடினியம், ஹெலிகோனியா, கல்வாழை, ரங்கூன் மல்லி என்று விரித்துக்கொள்ளலாம். ரங்கூன் மல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. மாலையில் விரியும்போது அதன் பூ வெள்ளையாக இருக்கும். மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்த நாள் அடர்சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். முதல் இரவில் வெள்ளைப் பூவின் மணத்தைத் தேடி அந்துப்பூச்சிகள் வரும். நிறம் ஏறியபின் பகலில் தேனீக்களும் பறவைகளும் வரும். இடம் மட்டும் நிறைய வேண்டும். சின்னப் பந்தலை ஓர் ஆண்டில் மூடிவிடும்.

செடியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு வெயில் நாளில் காலை எட்டு, நண்பகல், மாலை நாலு என மூன்று முறை தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். எங்கே எவ்வளவு நேரம் நேர் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் படும் இடம் காகிதப்பூ, அடினியம், ஈழத்தலரி, செம்பருத்தி ஆகியவற்றுக்கு. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் இட்லிப்பூவுக்கும் நந்தியாவட்டைக்கும் ஒத்துவரும். மரநிழலில் வடிகட்டிய வெளிச்சம் விழும் மூலை பிரம்மகமலத்துக்கு. பூக்கவில்லை என்று என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் உரத்தால் தீராதவை. தொட்டியைப் பத்தடி தள்ளி வெயிலில் வைத்தால் தீர்ந்துவிடும்.

குளிர்காலம் உள்ள பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இந்தச் செடிகளில் பலவும் இலை உதிர்த்து முடங்கிவிடும். உறைபனி பட்டால் இறந்தே போகும். அங்கே எல்லாவற்றையும் தொட்டியில் வளர்த்து, குளிர் தொடங்கும் முன் வெளிச்சமான சன்னலோரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஈழத்தலரியும் அடினியமும் இலை உதிர்த்து உறங்கினால் பயப்பட வேண்டாம். உறங்கும் செடிக்கு நீர் ஊற்றுவதுதான் ஆபத்து.

மண், தொட்டி, நீர்

தொட்டிக்கு நான் கலக்கும் மண் எளிமையானது: தோட்டத்து மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் அல்லது பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைத் துகள்) ஒரு பங்கு. தோட்டத்து மண் களிமண்ணாக இருந்தால் அதைக் குறைத்துத் தேங்காய் நார்க்கழிவைச் சேர்க்கிறேன். அடினியத்துக்கும் ஈழத்தலரிக்கும் பாதிக்குப் பாதி மணலோ சிறு சரளையோ இருக்க வேண்டும். கலந்த மண்ணை ஒரு பிடி ஈரமாக்கி இறுகப் பிடித்துவிட்டு விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் இன்னும் மணல் வேண்டும்.

இட்லிப்பூ மட்டும் அமில மண்ணைக் கேட்கும். கார மண்ணில் அதன் இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச்சத்துக் குறைபாடு. பல நேரம் மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் வேர் அதை எடுக்க முடியாமல் போகிறது. சிமெண்டுச் சுவரை ஒட்டி நட்ட இட்லிப்பூ வெளிறுவதற்கும் இதுவே காரணம். சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். இலைமக்கு நிறையச் சேருங்கள். சுவரைவிட்டுத் தள்ளி நடுங்கள்.

சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைக்கும் ஆசையை அடக்க வேண்டும். வேர் எட்டாத மண்ணில் நீர் தேங்கி, அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். தொட்டி மாற்றும்போது பழையதைவிட ஐந்து சென்டிமீட்டர் அகலம் கூடினால் போதும். காகிதப்பூவை மாற்றும்போது வேர்க்கட்டியை உடைக்கவே கூடாது. அதன் வேர்கள் நூல் போல மெல்லியவை. மண்ணோடு சேர்த்து அப்படியே தூக்கி வையுங்கள்.

நீருக்கு நேரம் குறித்த அட்டவணை உதவாது. ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள்; காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வழியும் வரை ஊற்றுங்கள். அப்படி வழிகிறதா என்று குனிந்து பாருங்கள். நான் என் மஞ்சள் செம்பருத்தியை இழந்தது அப்படிக் குனிந்து பார்க்காததால்தான். காகிதப்பூவுக்கு மட்டும் இலைகள் லேசாகத் துவளத் தொடங்கும்வரை பொறுத்திருந்து நீர் ஊற்றுகிறேன். இரண்டு மூன்று முறை அப்படிக் காயவிட்டபின் நிறம் பொங்கிவரும்.

காகிதப்பூவில் நாம் பார்க்கும் அந்த நிறம் இதழே இல்லை. அது பூவடிச்செதில். மூன்று செதில்களுக்கு நடுவே குச்சி போல நிற்கும் சின்னஞ்சிறு வெள்ளைக் குழல்கள்தான் பூக்கள். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு செதிலின் நடுநரம்பிலும் ஒரு குழல் ஒட்டிக்கொண்டிருக்கும். 1766-இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் பெயரைத் தாங்கிய செடி அது. அவருடன் சென்ற தாவரவியலாளர் கோமர்சன் பிரேசிலில் அதைச் சேகரித்தார். கோமர்சனின் உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ஜான் பாரே, உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக அறியப்படுகிறார். இன்று வெப்பமான நாடுகளின் மதில்களில் எல்லாம் அது படர்ந்திருப்பதற்குப் பின்னால் கைமாறிய எத்தனையோ குச்சிகள் இருக்கின்றன.

உரம்

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உரத்தால் கெட்ட செடிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் இலை செழிக்கும், பூ குறையும். செம்பருத்திக்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாகவும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவாகவும் இருப்பது நல்லது. பூவுக்கு மணிச்சத்து என்று கொட்டினால் இரும்பை எடுக்கவிடாமல் அது தடுத்துவிடும். மாதம் ஒரு பிடி மண்புழு உரமும், பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்த திரவ உரம் இரு வாரத்துக்கு ஒரு முறையும் போதும். காய்ந்த மண்ணில் உரம் இடக்கூடாது. முதலில் நீர், பிறகு உரம்.

கவாத்து: பூவும் கன்றும் ஒரே வெட்டில்

கவாத்துக்கு முந்தைய நாள் செடிக்கு நன்றாக நீர் ஊற்றுங்கள். மறுநாள் காலை, வெயில் ஏறும் முன், தண்டில் நீர் நிறைந்திருக்கும் நேரத்தில் வெட்டுங்கள். கத்தரியை 70 சதவீத ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செடிக்கும் நடுவே மறுபடி துடைக்க வேண்டும். நோயைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வதில் நம் கத்தரியைவிட வேகமானது எதுவும் இல்லை.

செம்பருத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டாம். வெளிப்பக்கம் பார்த்திருக்கும் ஒரு கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்டினால், அந்தக் கணுவின் மொட்டு வெளிப்பக்கமாகக் கிளை விடும். நுனியை வெட்டியவுடன் கீழ் மொட்டுகள் விழிப்பதற்குக் காரணம் உண்டு. நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் கீழே இருக்கும் மொட்டுகளை உறங்கவைத்திருக்கிறது. நுனி போனதும் அந்தக் கட்டுப்பாடு நீங்கி, ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்க்கிறது. அந்தத் துளிர்களில்தான் அடுத்த பூக்கள் வரும்.

காகிதப்பூவை ஒவ்வொரு பூப்பருவம் முடிந்ததும் வெட்டுங்கள். மல்லிகையையும் அப்படியே. ஈழத்தலரி மட்டும் விதிவிலக்கு. அதன் கிளை நுனியில்தான் பூங்கொத்து வரும் என்பதால் வெட்டிய கிளை மறுபடி பூக்கக் காலம் எடுக்கும். வடிவம் கெட்டாலோ யாருக்காவது கொடுக்க விரும்பினாலோ மட்டும் வெட்டுங்கள். ஹெலிகோனியாவில் பூத்து முடிந்த தண்டு இனிப் பூக்காது. தரையோடு வெட்டி எடுத்தால் பக்கக் கன்றுக்கு வெளிச்சம் கிடைக்கும்.

வெட்டிய குச்சிகளைத் தரையில் போடாமல் நேரே ஈரத்துணிக்குள் வையுங்கள். வெயிலில் அரை மணி நேரம் கிடந்த குச்சியில் பாதி உயிர் போய்விடும்.

குச்சியிலிருந்து செடி: செம்பருத்தியை வைத்து ஒரு முழுப் பாடம்

முதலில் குச்சித் தேர்வு. மிகப் பச்சையாக, வளைத்தால் வளைந்துகொண்டே போகும் நுனி அழுகிவிடும். பட்டை பழுப்பேறி முற்றிய அடிக்கிளை வேர்விடத் தயங்கும். இரண்டுக்கும் நடுவே, பச்சையும் பழுப்பும் கலந்து, பென்சில் தடிமனில், வளைத்தால் டக்கென்று முறியும் பகுதியை எடுங்கள். பூவும் மொட்டும் இல்லாத கிளையாக இருந்தால் நல்லது. மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். பூக்கச் செலவாகும் சத்து வேருக்குப் போகட்டும்.

பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் நீளம், குறைந்தது மூன்று கணுக்கள். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்கட்டும். வேர்கள் பெரும்பாலும் அந்தக் கணுவைச் சுற்றித்தான் புறப்படும். மேல்வெட்டு நேராக. இப்படி வெட்டிவைத்தால் எது தலை, எது கால் என்று பிறகு குழம்பவும் மாட்டீர்கள். தலைகீழாக நட்ட குச்சி வேர் விடுவது கடினம்.

கீழ் இலைகளை எல்லாம் நீக்கிவிட்டு மேலே இரண்டே இலைகளை விடுங்கள். அவற்றையும் பாதியாக வெட்டுங்கள். வேரில்லாத குச்சி இலைவழியே நீரை இழந்துகொண்டிருக்கும்; ஆனால் இலையே இல்லாவிட்டால் உணவு தயாரிக்க வழியில்லை. பாதி இலை என்பது இரண்டுக்கும் இடையில் ஒரு சமாதானம். வேர் வளர்ச்சித் தூள் இருந்தால் அடியில் தொட்டு, மிகுந்ததைத் தட்டிவிடுங்கள். அதில் பெரும்பாலும் இருப்பது இன்டோல் பியூட்ரிக் அமிலம், செடியின் ஆக்சினைச் சேர்ந்த பொருள். சாதாரணச் செம்பருத்திக்கு அது இல்லாமலும் வேர் வரும். கலப்பின வகைகளுக்கும் காகிதப்பூவுக்கும் நான் தவறாமல் பயன்படுத்துகிறேன்.

நார்க்கழிவும் மணலும் சம அளவில் கலந்து, ஈரமாக்கி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பையில் நிரப்புங்கள். அடியில் துளைகள் வேண்டும். உரம் எதுவும் வேண்டாம். பென்சிலால் குழி குத்திவிட்டு அதில் குச்சியை இறக்குங்கள். நேரே குத்தினால் அடிப்பட்டை உரிந்து, தொட்ட தூளும் மேலேயே நின்றுவிடும். இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கட்டும்.

இப்போது மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துவிடுங்கள். நம்மில் பலர் யோசிக்காமல் செய்யும் இந்தச் சிறு வேலைக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் வைத்திருந்தார். அந்த மண்ணில் ஒரு பெரணி தானாக முளைத்ததைப் பார்த்தார். உள்ளிருந்து ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கியது. 1833-இல் அதே முறையில் மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளைக் கப்பலேற்றி சிட்னிக்கு அனுப்பினார். மாதக்கணக்கான கடற்பயணத்துக்குப் பிறகும் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதன்பின் வெப்பமண்டலச் செடிகள் கண்டம்விட்டுக் கண்டம் போனது பெரும்பாலும் அந்தப் பெட்டிகளில்தான். உங்கள் கோப்பையின் மேல் கவிழ்ந்திருக்கும் பை அதன் வழித்தோன்றல்.

கோப்பையை நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். நேர் வெயிலில் பைக்குள் குச்சி வெந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை சில நிமிடங்கள் பையைத் திறந்து காற்று விடுங்கள். நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர் வரும்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பத்தாம் நாளே பச்சைத் துளிர் எட்டிப்பார்க்கும். வேர் வந்துவிட்டது என்று தொட்டிக்கு மாற்றினால் மூன்று நாளில் வாடிவிடும். தண்டில் சேர்ந்திருக்கும் உணவைக்கொண்டே துளிர் வந்துவிடும். அதற்கு வேர் தேவையில்லை. கோப்பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சுவரில் வெள்ளை இழைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். முதலில் நூல் போல ஒன்று தெரியும். ஒரு வாரம் கழித்து அது கிளைத்து, நுனியில் மெல்லிய முடிகளோடு கோப்பையின் அடியைச் சுற்றத் தொடங்கும். மாற்றவேண்டிய தருணம் அது. அதற்குமுன் பையை ஒரேயடியாக எடுக்காமல், முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்.

எப்போதும் வேண்டியதைவிட இரண்டு மடங்கு குச்சி வையுங்கள். சில போகும். மிஞ்சியவை பகிர்வதற்கு.

மற்றச் செடிகளுக்கு மற்ற வழிகள்

ஈழத்தலரியில் மேலே சொன்னதெல்லாம் தலைகீழ். முப்பது முதல் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் கிளையை வெட்டி, இலைகளை எல்லாம் நீக்கி, பால் வடிவது நிற்கும்வரை தொங்கவிட்டு, நிழலான உலர்ந்த இடத்தில் ஒன்று அல்லது இரண்டு வாரம் சும்மா போட்டுவிடுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் போல மூடிக்கொண்டபின் மணல் மிகுந்த மண்ணில் நட்டு, ஒரு முறை நீர் ஊற்றி நிறுத்திக்கொள்ளுங்கள். இலைகள் நன்றாக விரியும்வரை மண் கிட்டத்தட்ட உலர்ந்தே இருக்க வேண்டும். பை மூடினால் அழுகும். பொறுமையில்லாமல் ஊற்றிய நீரால் நான் இழந்த ஈழத்தலரிக் குச்சிகள் ஒன்றிரண்டல்ல. பக்குவமாக உலர்ந்த குச்சி வாரக்கணக்கில் தாங்கும் என்பதால், தொலைவில் இருப்பவருக்கு அனுப்ப இதைப்போல் ஏற்ற செடி வேறில்லை.

அடினியத்தைக் குச்சியிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் எல்லோரும் விரும்பும் அந்தப் பருத்த அடித்தண்டு விதையில் வளரும் செடியிலேயே அழகாக உருவாகும். காய் வெடிக்கும் முன் அதை நூலாலோ வலைத்துணியாலோ கட்டிவைக்க வேண்டும். இரு முனையிலும் பட்டுக்குஞ்சம் உள்ள விதைகள் காற்று வந்தால் பறந்துவிடும். புதிய விதை ஒரு வாரத்தில் முளைக்கும். நாள்பட்டது மோசம் செய்யும். பூவின் நிறம் தாயைப் போலவே வரும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். விதையில் பிறப்பது புதிய செடி. குச்சியில் பிறப்பது அதே செடி.

ஹெலிகோனியாவுக்கும் கல்வாழைக்கும் கிழங்கைப் பிரித்தால் போதும். இரண்டு மூன்று தண்டுகளோடு ஒரு துண்டை வெட்டி, தண்டுகளை ஒரு சாண் உயரத்துக்குக் குறைத்து, மண்ணை முழுக்கக் கழுவி நடுங்கள். பிரம்மகமலத்துக்கு, இலை போல் தட்டையாக இருக்கும் தண்டின் ஒரு துண்டைச் சில நாள் உலரவிட்டு நட்டால் வேர்பிடிக்கும். ஒரே இரவு பூத்து விடியும் முன் தொய்ந்துவிடும் இந்தப் பூ மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த கள்ளி வகை. இமயமலையில் அதே பெயரில் வழங்கும் செடி முற்றிலும் வேறு. சங்குப்பூ விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து நடுங்கள்.

குச்சிக்கு மசியாத செடிகளுக்கு விண்பதியன் இருக்கிறது. இட்லிப்பூவின் சில வகைகளுக்கும் கலப்பினச் செம்பருத்திகளுக்கும் நான் இதையே நம்புகிறேன். பென்சில் தடிமனுள்ள கிளையில் இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்து, வழவழப்பான படலம் போகும்வரை கத்தியால் சுரண்டுங்கள். அந்தப் படலம் மிஞ்சினால் பட்டை மறுபடி ஒட்டிவிடும், வேர் வராது. ஈரமான பாசியையோ பிழிந்த நார்க்கழிவையோ ஒரு கைப்பிடி சுற்றிவைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, இரு முனையையும் இறுகக் கட்டுங்கள். உள்கட்டை வழியே நீர் மேலே போய்க்கொண்டிருப்பதால் கிளை வாடாது. இலையில் தயாரான உணவும் ஆக்சினும் பட்டை வழியே கீழே இறங்க வழியின்றி வளையத்தின் மேல்விளிம்பில் தேங்கி, அங்கே வேராகின்றன. நான்கு முதல் எட்டு வாரங்களில் தாளுக்குள் வேர் நிறைவது தெரியும். அதற்குக் கீழே வெட்டி, தாளைப் பிரித்து நட்டால் கையில் முழுக்கிளை அளவு செடி.

பூச்சிகள்

செம்பருத்தி மொட்டு மஞ்சளாகி விரியாமலே உதிர்கிறதா? விழுந்த மொட்டு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். இதழ்களுக்கு நடுவே வெள்ளையாக, எள்ளைவிடச் சிறிய புழு நெளிந்தால் அது மொட்டு ஈ. புழு முற்றியதும் மொட்டிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும். ஆகவே மருந்து அடிப்பதைவிட, விழுந்த மொட்டுகளை அன்றாடம் பொறுக்கி மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துவதுதான் அதன் சுழற்சியை உடைக்கும். புழு இல்லாவிட்டால் இலைப்பேனோ, நீர் ஒழுங்கின்மையோ காரணமாக இருக்கலாம்.

மாவுப்பூச்சி வந்த இடத்தில் முதலில் எறும்பைத் தேடுங்கள். மாவுப்பூச்சி வெளிவிடும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. எறும்பைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பூச்சிகளைத் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி மென்சோப்பும் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். ஒரு வாரம் இடைவெளி விட்டு மூன்று முறை.

பகிர்தல்

கொடுக்கும் செடி உங்களிடம் உள்ளதில் நல்லதாக இருக்கட்டும். நோஞ்சானைக் கொடுத்தால் அது வாங்கியவர் கையில் இறந்து, தனக்குச் செடி வராது என்று அவர் நினைத்துக்கொள்வார். வேர்பிடித்தபின் ஒரு மாதமாவது தனித்தொட்டியில் வளர்த்து, இரண்டு சுற்று இலை விட்டபிறகே கொடுக்கிறேன். முடிந்தால் இரண்டிரண்டாக.

தொலைவுக்கு அனுப்பும்போது மண்ணோடு அனுப்பாதீர்கள். வேர்முடிச்சு நூற்புழு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணோடுதான் போகும். வேரைக் கழுவி, முடிச்சுகள் இல்லையென்று பார்த்து, ஈரக் காகிதத்தில் சுற்றுங்கள். காகிதத்தைப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. அதன்மேல் பிளாஸ்டிக், இலைகள் மட்டும் வெளியே. அட்டைப் பெட்டிக்குள் செடி நகராதபடி காகிதம் அடைத்து, வழியில் விடுமுறை குறுக்கிடாத நாளாகப் பார்த்து அனுப்புங்கள். விதையைக் காகித உறையில் அனுப்புங்கள். பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடிக்கும். நாட்டு எல்லை தாண்டும் செடிக்கும் விதைக்கும் தாவர நலச் சான்றும் இறக்குமதி அனுமதியும் கேட்பார்கள். அந்த விதிகளைச் சுமையாக நினைக்க வேண்டாம். ஒரு பூச்சி புதிய நாட்டில் புகுந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துத்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள். உருவாக்கியவருக்குச் சட்டப்படி உரிமை உள்ள புதிய வகைகளைப் பெருக்கிக் கொடுக்கவும் தடை இருக்கலாம்; சீட்டைப் படியுங்கள்.

சில செடிகளைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. உண்ணிச்செடி உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அழகான மஞ்சள் பூ விடும் காஹிலி இஞ்சியும் அதே பட்டியலில்தான். வாங்குபவரின் பகுதியில் எது காட்டுக்குள் பரவிக் கேடு செய்யும் என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

நச்சையும் மறைக்காமல் சொல்லுங்கள். அரளியின் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ந்த குச்சியை எரிக்கும் புகைகூட ஆகாது. அடினியம் அதே குடும்பம். அலமாண்டாவின் பால் தோலை அரிக்கும். குழந்தையும் கால்நடையும் உள்ள வீட்டுக்கு நான் அரளி கொடுப்பதில்லை.

ஒவ்வொரு கன்றோடும் ஒரு சீட்டு போகட்டும்: பெயர், பூவின் நிறம், குச்சி வைத்த தேதி, எவ்வளவு வெயில், எப்போது நீர், யாரிடமிருந்து வந்தது. பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஒரே கோடையில் வெளிறிவிடும், பென்சில் எழுத்து ஆண்டுகள் நிற்கும். உங்களிடம் ஒரு நோட்டும் இருக்கட்டும், எது யாரிடம் போனது என்று. அது இல்லாததால்தான் என் செம்பருத்தி எங்கே இருக்கிறது என்று நினைவுகூர எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

வந்து சேரும் செடி யாரிடமிருந்து வந்தாலும் மூன்று வாரம் தனியே வையுங்கள். இலையின் அடிப்பக்கம், கணுக்களின் இடுக்கு, தொட்டியின் அடித்துளை மூன்றையும் வாரம் இரு முறை பாருங்கள். தோழி வீட்டிலிருந்து அந்த மஞ்சள் செம்பருத்தி வந்தபோது, தொட்டியில் என் பழைய சீட்டையும் அவர் செருகி அனுப்பியிருந்தார். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. அதையும் பின்கட்டு மூலையில் தனியாகத்தான் வைத்தேன். இரண்டாம் வாரம் ஒரு கணுவில் மாவுப்பூச்சி ஒன்று இருந்தது. துடைத்து எடுத்துவிட்டு, இன்னும் மூன்று வாரம் காத்திருந்து, பிறகு மற்றவற்றின் வரிசையில் சேர்த்தேன்.